எங்க ஊரு கிளை நூலகம்: "ரசாணி"ன்னு தேடிக் குடுத்த அக்காவுக்காக ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 4 ஸ்டார். அந்த நாலும் நூலகர் அக்காவுக்கு, குறைச்ச ஒண்ணு அங்க இருக்குற கம்ப்யூட்டருக்கும் நெட்டுக்கும். ஊரு பேரு போடல, தாமிரபரணிக் கரையில இருக்குற ஒரு சின்ன ஊருன்னு மட்டும் வச்சுக்கோங்க. அக்கா கவர்மென்ட் வேலையில இருக்காங்க, "எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி, பேரு ஊரு மட்டும் வேணாம்"னு சொல்லிட்டாங்க.

விஷயம் எங்க ஆச்சிகிட்ட இருந்து ஆரம்பிக்குது. ஆச்சிக்கு 84 வயசு. அவங்க தகரப் பெட்டியில ஒரு கிழிஞ்ச புக்கு இருக்கு, அவங்க அம்மா வச்சிருந்தது, அல்லி அரசாணி மாலைங்குற கதைப்பாட்டு, பெரிய எழுத்துப் பதிப்பு. இந்த பெரிய எழுத்து புக்கெல்லாம் ஒரு காலத்துல சந்தையிலயும் திருவிழாக் கடையிலயும் அணாக் கணக்குல வித்தது, வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ராகம் போட்டு வாசிக்க மத்தவங்க சுத்தி உக்காந்து கேப்பாங்களாம், ஆச்சி அப்படி கேட்டே பாதிக்கு மேல மனப்பாடம் பண்ணினவங்க. புக்குக்கு அட்டை இல்ல, முன்பக்கம் இல்ல, கடைசியில எத்தனை பக்கம் போச்சுன்னே தெரியல. கண்புரை ஆபரேஷன் பண்ணி கண்ணாடி போட்டதுல இருந்து "ஏல, அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் எங்கயாவது பாத்து எடுத்துட்டு வந்துரு"ன்னு ஒரே பேச்சு.

நானும் போன்ல தேடினேன். மூணு ராத்திரி தேடினேன். வந்ததுல பாதி யூடியூப் வீடியோ, மீதி கதைச்சுருக்கம், அப்புறம் கதைய உரைநடையா மாத்தி எழுதுன ஒண்ணு ரெண்டு. அதுல ஒண்ண ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினா நாலாவது வரியிலயே "இது அது இல்லல, இதுல பாட்டே இல்லையே"ன்னு சொல்லிட்டாங்க. பழைய புக்க ஸ்கேன் பண்ணி வச்சிருக்குற மின்னூலகங்கள்லயும் பாத்தேன், தலைப்ப அழகா அல்லி, ஒரு இடம் விட்டு அரசாணி, இன்னொரு இடம் விட்டு மாலைன்னு டைப் பண்ணி தேடினேன், நான் தேடுன பதிப்பு கண்ணுல படவே இல்ல. நெட்டுல இல்லாததா எங்கயோ இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம் தான் எங்க அம்மா, "லைப்ரரில போய் கேட்டியா?"ன்னாங்க. பள்ளிக்கூடம் முடிச்சதுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. போன முதல் நாள் வெள்ளிக்கிழமை, பூட்டு தொங்குது. கிளை நூலகத்துக்கு வெள்ளி லீவுங்குறதே மறந்து போச்சு. நீங்களும் போறதா இருந்தா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

மறுநாள் சாயங்காலம் போனேன். நான் நினைச்சது என்னன்னா, யாரும் இருக்க மாட்டாங்க, ஒரு ஃபேன் சுத்தும், ரெண்டு தாத்தா பேப்பர் படிச்சிட்டு இருப்பாங்கன்னு. தாத்தாங்க இருந்தாங்க, அது மாறல. ஆனா மேஜை பூரா பசங்களும் பொண்ணுங்களும், எல்லாம் குரூப் 4, குரூப் 2, போலீஸ் எஸ்ஐ பரீட்சைக்கு படிக்கிறவங்க, எடம் இல்லாம ஏணி வச்சிருக்குற மூலையில கூட ஒரு பொண்ணு தரையில உக்காந்து சமச்சீர் புக்க வச்சு நோட்ஸ் எடுத்துட்டு இருந்துச்சு. வீட்டுல ஒரே ரூம், டிவி ஓடும், தம்பி தங்கச்சி இருக்கும், அமைதியா படிக்க இந்த ஊர்ல வேற எடம் கெடையாது. லைப்ரரி செத்துப் போச்சுன்னு சொல்றவங்க ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதாவது கிளை நூலகத்துக்கு போய்ப் பாக்கணும்.

அக்கா மேஜையில ஒரு வரிசை. புக்கு வாங்க நிக்கிறவங்க ரெண்டு பேரு தான், மீதி எல்லாம் வேற. ஒருத்தருக்கு ஹால் டிக்கெட் எடுக்கணும், ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு பாக்கணும், ஒரு அண்ணாச்சி வாட்ஸாப்ல வந்த கவிதைய நீட்டி "இது பாரதியார் எழுதுனது தானாம்மா, கல்யாணப் பத்திரிகையில போடணும்"னு கேக்குறாரு. அக்கா அந்தக் கவிதைய ரெண்டு வரி படிச்சதுமே முகம் மாறுது, ஆனா "இல்ல"ன்னு வாயால சொல்லல, பாரதியார் தொகுப்ப எடுத்து பாட்டு முதற்குறிப்பு அகராதிய திறந்து அவர் கையில குடுத்து "நீங்களே பாருங்க அண்ணாச்சி, இந்த வரியில ஆரம்பிக்கிற பாட்டு இருக்கான்னு"ன்னாங்க. இல்ல. அப்புறம் மின்பதிப்புலயும் நடு வரிய போட்டு தேடிக் காட்டினாங்க. அங்கயும் இல்ல. அண்ணாச்சிக்கு வருத்தம் தான், ஆனா பாரதியார் நெசமாவே எழுதுன நாலு வரிய அக்கா தேடி எழுதிக் குடுத்தாங்க, அது பத்திரிகையில ஏறிருச்சு. எனக்கு முன்னாடி நடந்த அஞ்சு நிமிஷம் இது. நான் மூணு ராத்திரி செஞ்சது தேடலே இல்லன்னு அப்பவே உள்ளுக்குள்ள பட்டுச்சு.

என் முறை வந்துச்சு. சொன்னேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, புக்கு பேரு இல்ல. "ஆச்சிகிட்ட இருக்குறதுல கடைசியா மிஞ்சின பக்கம் இருக்குல்ல, அதோட கடைசி வரிய போட்டோ எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" எடுக்கல. "மேல பக்க எண் என்ன போட்டிருக்கு?" பாக்கல. "ஒரே கதைய பத்து பேரு அச்சுப் போட்டிருப்பாங்க தம்பி, ஒண்ணுல இருக்குற வரி இன்னொண்ணுல இருக்காது, எது ஆச்சி புக்கோட மிச்சம்னு தெரியணும்ல, போய் எடுத்துட்டு வாங்க."

மறுபடி வந்தேன், போட்டோவோட. இப்ப பாருங்க, இந்த ரிவ்யூவே நான் எழுதுறது இந்தப் பத்து நிமிஷத்துக்காகத் தான். அக்கா மின்னூலகத்தோட தேடல் பெட்டியில டைப் பண்ணினது "ரசாணி". வெறும் மூணு எழுத்து. அல்லியும் இல்ல, மாலையும் இல்ல, அரசாணில இருக்குற அ கூட இல்ல. நான் தப்பா டைப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சு "அக்கா, அ விட்டுப் போச்சு"ன்னேன். சிரிச்சிட்டே ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க. பழைய புக்கு முகப்புல தலைப்ப பிரிச்சுப் போட மாட்டாங்க, அல்லியரசாணிமாலைன்னு ஒரே சொல்லா சேத்துத் தான் அச்சடிப்பாங்க. அல்லி, அரசாணி ரெண்டும் சேரும்போது நடுவுல யகரம் வந்துரும், அப்ப அ காணாமப் போயி "யரசாணி"ன்னு ஆகிரும். அட்டவணைல ஏத்துனவரு முகப்புல இருக்குறபடியே ஏத்திருந்தா, நீங்க அரசாணின்னு தேடினா கம்ப்யூட்டருக்கு அது வேற சொல்லு, காட்டாது. ஒருத்தர் பிரிச்சு ஏத்தியிருப்பாரு, ஒருத்தர் பாதி பிரிச்சு ஏத்தியிருப்பாரு. எப்படி ஏத்தியிருந்தாலும் ரசாணிங்குற துண்டு மட்டும் மாறாம இருக்கும். அத போட்டா எல்லாம் வந்து விழும்.

விழுந்துச்சு. என் கண்ணு முன்னாடி வரிசையா.

எட்டாங்கிளாஸ்ல உடம்படுமெய்னு படிச்சு மார்க்கு வாங்கினதோட நான் மறந்த புணர்ச்சி விதி, கம்ப்யூட்டர்ல ஒரு புக்க கண்டுபிடிக்க உதவும்னு எனக்கு யாராவது அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் ஒழுங்கா படிச்சிருப்பேன். எல்லா தேடல் பெட்டியும் இப்படி சொல்லுக்கு நடுவுல இருக்குற துண்ட வச்சு தேடாதுன்னும் அக்கா சொன்னாங்க, சிலது சொல்லோட முதல் எழுத்துல இருந்து தான் பாக்கும், அங்க வேற வழி. ஆசிரியர் பேர போடலாம், ஆனா அதுலயும் புகழேந்தி, புகழேந்திப் புலவர், புகழேந்திப்புலவர்னு மூணு விதம், பதிப்பாளர் இரத்தின நாயகர்னா இ போட்டு ஒரு எடத்துல, இ போடாம ஒரு எடத்துல. அக்கா இதுக்குன்னே ஒரு நீள நோட்டு வச்சிருக்காங்க, ஒரு பேருக்கு எத்தனை எழுத்து விதம் இருக்குன்னு இடது பக்கம், எந்த தளத்துல எது வேலை செய்யுதுன்னு வலது பக்கம். அந்த நோட்ட நான் ஒரு அஞ்சு நிமிஷம் புரட்டினேன். அது மாதிரி ஒரு பொருள காசு குடுத்து எங்கயும் வாங்க முடியாது.

வந்து விழுந்ததுல எது நம்ம பதிப்பு? ஒவ்வொண்ணா திறந்து, ஆச்சி புக்கோட கடைசி வரி எந்தப் பக்கத்துல வருது, அந்தப் பக்கம் அதே எடத்துல முடியுதான்னு பாத்தாங்க. மூணாவதுல வரி இருக்கு, ஆனா பக்கத்துக்கு நடுவுல வருது. அஞ்சாவதுல சரியா பக்கத்தோட அடியில, அதே பக்க எண். அடுத்த பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் பதினொரு பக்கம். நான் போன் எடுத்து ஆச்சிக்கு அப்பவே கூப்பிடப் போனேன், அக்கா "இருங்க"ன்னு சொல்லி முகப்புப் பக்கத்துக்குப் போனாங்க. 

அங்க ஒரு கூத்து. அட்டவணையில வருஷம் 1962ன்னு போட்டிருக்கு. முகப்புல இருக்குறது "சுபகிருது ௵". அந்த சுழிச்ச குறி வருஷத்துக்குன்னே இருக்குற பழைய குறி. தமிழ் வருஷம் அறுபதும் சுத்திச் சுத்தி வரும்ல, சுபகிருது 1962ல வந்துச்சு, 1902லயும் வந்துச்சு, இதோ 2022லயும் வந்து போச்சு. ஏத்துனவரு கிட்டத்துல இருக்குறதுன்னு 1962 போட்டுட்டாரு. அக்கா கீழ விரல் வச்சாங்க, "இதன் விலை அணா 3". நயா பைசா வந்தது 1957 ஏப்ரல்ல, அப்புறம் அச்சடிச்ச புக்குல யாரு அணாவுல விலை போடப் போறா, அதனால இது 1902. நான் சும்மா இருக்காம, "அப்ப 1842ஆ கூட இருக்கலாமே"ன்னு கேட்டேன். கோவமே படல, பின்னட்டை விளம்பரத்துக்குப் போனாங்க, வெளியூர்க்காரங்களுக்கு ரெயில் பார்சல்ல அனுப்புவோம்னு போட்டிருக்கு. நம்ம தென்னிந்தியாவுல ராயபுரத்துல இருந்து முதல் பயணிகள் ரெயிலு ஓடினதே 1856ல தான். முடிஞ்சுது. எங்க கொள்ளுப்பாட்டி புக்கு நூத்தி இருபது வருஷத்துக்கு முந்தினதுன்னு அந்த மேஜையில தான் தெரிஞ்சுகிட்டேன். வருஷத்த திருத்தச் சொல்லி அந்த தளத்துக்கு அக்கா மெயிலும் போட்டாங்க, அது அவங்க வேலைப் பட்டியல்ல எங்கயும் எழுதியிருக்காது.

ஸ்கேன் பண்ணி நெட்டுல ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு தான் நாம நெனைக்கிறோம். ஏத்துனது வெறும் படம். படத்துக்குள்ள இருக்குற எழுத்து கம்ப்யூட்டருக்கு தெரியாது, அதப் படிச்சு எழுத்தா மாத்துறதுக்கு ஓசிஆர் ஓட்டணும். இப்ப தமிழுக்கு ஓசிஆர் முன்னைக்கு எவ்வளவோ தேவலாம், புது புக்குன்னா நல்லாவே படிக்குது. ஆனா பழைய அச்சு? 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை, னை, ணை, ளை எல்லாம் யானை தும்பிக்கைய தூக்குன மாதிரி மேல சுழிச்சு எழுதுவாங்க, ணா, றா, னாவுக்கு கால் தனியா வராது, எழுத்தோடயே மடங்கியிருக்கும். நம்ம வயசு ஆளுங்களுக்கே அது தட்டும், கம்ப்யூட்டர் அதுல தடுமாறி வேற எழுத்த போட்டு வைக்குது. அக்கா எனக்கு காட்டுன ஒரு பக்கத்துல தும்பிக்கை வந்த எடமெல்லாம் குப்பையா இருந்துச்சு. அத உக்காந்து திருத்துறதுக்கு ஆளு தான் வேணும்.

அந்த ஆள உண்டாக்குறதும் இப்ப நூலகர் வேலைல வந்திருக்கு. நாட்டுடைமை ஆன புக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலம்ங்குற இலவச நூல் தளத்துக்கு குடுத்துச்சு, அதெல்லாம் ஓசிஆர் ஓட்டி, தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமா படத்த பாத்து பாத்து திருத்திட்டு வர்றாங்க. நம்ம லைப்ரரில குரூப் 4க்கு படிக்கிற ரெண்டு பொண்ணுங்க தினம் ஒரு பக்கம் திருத்திட்டு தான் படிக்கவே ஆரம்பிக்கிறாங்க, அக்கா பழக்கி விட்டது. பொதுத்தமிழ் தாளுக்கு இதவிட நல்ல பயிற்சி வேற கெடையாதுன்னு அதுல ஒரு பொண்ணு என்கிட்ட சொன்னுச்சு, நம்புறேன்.

சரி, குறைய சொல்லாம போகக் கூடாது. கம்ப்யூட்டர் நாலு இருக்கு, ஓடுறது ரெண்டு. அதுல ஒண்ணுல தமிழ் டைப் பண்ணவே முடியாது, விசைப்பலகை அமைப்ப மாத்தவும் பாஸ்வேர்டு கேக்குது, அந்த பாஸ்வேர்டு போட்டுட்டுப் போனவருக்கு தான் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எல்லாரும் வந்ததும் நெட்டு படுத்துரும், நான் பாத்த அந்த ஸ்கேன் புக்கு பாதியில நின்னு, அக்கா அவங்க சொந்த போன் ஹாட்ஸ்பாட்ட போட்டாங்க, அவங்க டேட்டா, அவங்க காசு. பிரிண்டருக்கு மை கேட்டு எழுதிப் போட்டு எத்தனையோ மாசம் ஆச்சாம். இதெல்லாம் எங்க ஊரு லைப்ரரி ஒண்ணோட கதை, எல்லா எடமும் இப்படி இருக்கும்னு நான் சொல்லல.

இன்னொண்ணு தான் எனக்கு நெசமாவே வயிறு எரிஞ்சுது. முன்னாடி ஒரு மர பெட்டி இருக்கும், சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொரு புக்குக்கும் ஒரு அட்டை, கம்பியில கோத்திருக்கும். பல வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு சொல்லி அந்த அட்டையெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு போட்டுட்டாங்க, இந்த அக்கா வர்றதுக்கு முன்னாடி. ஏத்துனது எப்படின்னா, அவசரத்துல ஆள் வச்சு தலைப்ப இங்கிலீஷ் எழுத்துல, காதுல விழுந்தபடி. ழ, ள, ல எல்லாம் ஒண்ணு. அட்டைல இருந்த ரெண்டாவது ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பொருள் தலைப்பு எதுவும் கிடையாது. பார்கோடு ஸ்டிக்கர வேற சில புக்குல ஆசிரியர் பேரு மேலயே ஒட்டி வச்சிருக்காங்க. அந்த அட்டைய எழுதுன பழைய நூலகர் எத்தனை வருஷம் உக்காந்து எழுதியிருப்பாரு, அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும், எனக்கு சின்ன வயசுல பாத்த ஞாபகம் இருக்கு. அக்கா இப்ப நேரம் கெடைக்கிறப்ப ஒவ்வொரு புக்கா எடுத்து தமிழ்ல திரும்ப ஏத்திட்டு வர்றாங்க. போனது போனது தான்.

நான் ஒரு தப்பும் பண்ணினேன், அதையும் சொல்றேன், நீங்க பண்ணாம இருக்க. அக்கா இவ்வளவு செய்றாங்களேன்னு, ஒரு இப்போதைய நாவல காட்டி "இத அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமாக்கா, டெலிகிராம்ல எல்லாம் கெடைக்குதே"ன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க, நேராவே. எழுதுனவரு காலமாகி 60 வருஷம் ஆனா தான் நம்ம நாட்டு சட்டப்படி உரிமை பொதுவுக்கு வரும், இல்லைன்னா நம்ம அரசு குடும்பத்துக்கு பணம் குடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கணும், பாரதியாருக்கு 1949லயே பண்ணின மாதிரி. இந்த நாட்டுடைமைங்குற ஏற்பாடு இருக்குறதால தான் தமிழ்ல இவ்வளவு புக்கு இலவசமா படிக்கவும் ஏத்தவும் முடியுது. ஆனா உசிரோட இருக்குற எழுத்தாளர் புக்க திருட்டு பிடிஎஃப்ல படிச்சா அவர் அடுத்த புக்கு எழுதுறது எப்படி? "இந்தாங்க, அச்சுப் புக்கே அலமாரியில இருக்கு, பதினஞ்சு நாள் வச்சுப் படிங்க"ன்னு எடுத்துக் குடுத்தாங்க. சீல் வச்சு தேதி போட்டு. அந்த சீல் சத்தம் இன்னும் அதே சத்தம்.

ஆச்சி விஷயத்துக்கு வர்றேன். பிரிண்டர்ல மை இல்லைன்னு சொன்னேன்ல, அதனால அக்கா பதினொரு பக்கத்தையும் டேப்லெட்ல எப்படி எறக்கி வைக்கணும்னு காட்டிக் குடுத்தாங்க. வீட்டுல வந்து திறந்து ஆச்சி மடியில வச்சேன். ரெண்டு விரல வச்சு இப்படி விரிங்க ஆச்சின்னேன். விரிச்சாங்க. "ஏல, எழுத்து பெருசாவுதுல!" அப்புறம் என்னைய யாரும் அங்க தேடல. நான் அந்த தும்பிக்கை லைய எழுத்துக்கூட்டி திணறுறேன், ஆச்சிக்கு அது தான் அவங்க எழுத்து, இன்னைக்கும் பால்கணக்க அப்படித்தான் எழுதுறாங்க, ராகத்தோட மடமடன்னு போறாங்க. ஒரு எடத்துல நின்னு, கண்ண மூடி, அவங்க அம்மா அந்த வரிய இப்படி சொல்ல மாட்டாங்க, வேற மாதிரி சொல்லுவாங்கன்னு சொல்லி அதையும் பாடிக் காட்டினாங்க. நான் போன்ல ரெக்கார்டு பண்ணினேன்.

அந்த ரெக்கார்ட அக்காகிட்ட சும்மா போட்டுக் காட்டப் போனவன், மறுபடி ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன். "யாரு பாடுனது, வயசு என்ன, எந்த ஊரு, யார்கிட்ட கேட்டு கத்துக்கிட்டாங்க, என்னைக்கு பதிவு பண்ணினது, இதெல்லாம் எழுதி கூடவே வைங்க தம்பி, இல்லாட்டி இன்னும் இருபது வருஷம் கழிச்சு இது யாரோ ஒரு பாட்டி பாடுன ஏதோ ஒரு பாட்டு."ன்னாங்க. அவங்களும் ஊர்ல அப்படி சேத்துட்டு இருக்காங்க. பழைய கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நாடக நோட்டீசு, அச்சகம் வச்சிருந்த ஒரு குடும்பத்துல கெடந்த மாதிரித் தாளுங்க. வீட்டுக்காரங்ககிட்ட ஒரு நாள் வாங்கி, போன ஒரு ஸ்டாண்டுல மாட்டி, ஜன்னல் வெளிச்சத்துல படம் எடுத்து, அசல திருப்பி குடுத்துடுறாங்க. பெருசா செலவு எதுவும் இல்ல. ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்கன்னு கேட்டதுக்கு யாழ்ப்பாணம்னு ஒரே சொல்லு சொன்னாங்க. 1981ல ஜூன் பிறக்குற ராத்திரி அந்த நூலகத்த கொளுத்துனப்ப 97,000 புக்கு போச்சு, அதுல வேற எங்கயுமே பிரதி இல்லாத ஓலைச்சுவடியும் கையெழுத்தும் இருந்துச்சு. அந்த வலியத் தெரிஞ்ச ஈழத்து மக்கள் 2005ல இருந்து நூலகம்னு ஒரு தளம் நடத்துறாங்க, புக்கு மட்டும் இல்ல, ஊர் சஞ்சிகை, பாடசாலை மலர், செத்தவங்களுக்கு போடுற நினைவு மலர் வரைக்கும் இருக்கு. நினைவு மலர எதுக்கு சேக்கணும்னு நான் நெனச்சேன், போய் ஒண்ண திறந்து பாத்தா அதுல வம்சாவளி, கோயில் பாட்டு, ஊர் பேர் எல்லாம் கெடக்கு. அத மாதிரி நம்ம ஊர்ல ஒரு பிரதி மட்டும் இருக்குறத ரெண்டாக்கி வச்சிடணும்ங்குறது அக்கா கணக்கு.

இத எழுதுறப்ப எனக்கு சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் ஞாபகம் தான். 1924ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகர் ஆனவரு, 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, அதுல நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்து. அதே 1931ல தான் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புக்க ஏத்தி ஊர் ஊரா கொண்டு போனாங்க. நான் மூணு ராத்திரி போன நோண்டினதும், அக்கா பத்து நிமிஷத்துல எடுத்துக் குடுத்ததும் வச்சுப் பாத்தா அந்த நாலாவது விதி இன்னைக்கு எங்க உக்காந்திருக்குன்னு தெரியுதுல்ல? முன்னாடி புக்கு கம்மி, நூலகர் அது இருக்குற அலமாரிய காட்டுனா போதும். இப்ப புக்கு மலை மாதிரி கெடக்கு, எல்லாம் கையில இருக்குற போன்லயே இருக்கு, ஆனா எந்த வார்த்தைய போட்டா எது வரும், வந்ததுல எது நெசம், எது எந்த வருஷத்துது, எத எடுக்கலாம் எத எடுக்கக் கூடாதுன்னு சொல்ல ஆளு வேணும். கம்ப்யூட்டர் வந்துட்டதால நூலகர் எதுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, காலி இடத்த நிரப்பாம ஒருத்தரையே ரெண்டு மூணு நூலகம் பாக்க வைக்கிற எடமும் இருக்கு. எங்க அக்காவுமே வாரத்துல ரெண்டு நாள் பக்கத்து ஊரையும் சேத்துப் பாக்குறாங்க, அந்த ரெண்டு நாளும் இங்க கதவு திறந்திருக்கும், பேப்பர் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கும், கேட்டா சொல்ல ஆள் இருக்காது. அன்னைக்கு போயிருந்தா நான் வெறுங்கையோட தான் திரும்பியிருப்பேன்.

சென்னைல கோட்டூர்புரத்துல 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நான் வேலை தேடிட்டு இருந்த காலத்துல நெறைய போயிருக்கேன், பிரெய்ல் பிரிவு, குழந்தைங்க தளம், சொந்த புக்க வச்சு படிக்க தனி எடம்னு பிரமாதமா இருக்கும். மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தப் பத்தியும் போய் வந்தவங்க எல்லாம் நல்லாத் தான் சொல்றாங்க. அதெல்லாம் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா எங்க ஆச்சியால மதுரைக்கு போக முடியாது. இந்தக் கிளை நூலகத்துக்கு நாலு தெரு தான்.

போறவங்களுக்கு: உறுப்பினர் ஆகுறதுக்கு ஆகுற காசு ஒரு மட்டன் பிரியாணி விலை கூட வராது, ஆதார் நகல் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஆயிரம் ரூபா கட்டினா புரவலர்னு பேரு பலகையில போடுவாங்க, நான் எங்க ஆச்சி பேர்ல கட்டியிருக்கேன். பழைய புக்கு தேடிப் போறதா இருந்தா கையில இருக்குற பக்கத்த, அதோட பக்க எண்ண, கடைசி வரிய போட்டோ எடுத்துட்டுப் போங்க, பேரு மட்டும் சொல்லாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி போயிடுங்க, நெட்டு இருக்கும். முடிஞ்சா பிரிண்டர் மை ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போங்க, நான் போன வாரம் ஒண்ணு குடுத்தேன், குரூப் 4 பொண்ணுங்க ரெண்டும் கை தட்டுச்சுங்க.

ஆச்சி இப்ப பவளக்கொடி மாலை கேக்குறாங்க. அது கிழிஞ்சது கூட இல்லையாம், அம்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ இரவல் வாங்கிட்டுப் போய் திருப்பித் தரல, வாங்கினவங்க பேரு கூட ஆச்சிக்கு ஞாபகம் இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் போறேன். "வளக்கொடி"ன்னு போட்டுத் தேடிப் பாக்கலாம்னு இருக்கேன், அக்கா என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்.